உயிருக்கு முந்தியது

நண்பகலில் ஐவி அடித்த சுண்ணாம்பு, மாலைக்குள் காணாமற்போயிருந்தது.

உரிந்து விழவில்லை, தரையில் ஒரு பொருக்குக்கூட இல்லை. தேயிலைத் தோட்ட லயத்து அறையின் மற்ற மூன்று சுவர்களும் கிறிஸ்து பிறக்கும் நத்தாருக்கென வெளுத்து நிற்க, மகள் டிலுக்ஷியின் கட்டிலை ஒட்டிய சுவர் மட்டும் கடுஞ்சாயத் தேநீரின் நிறத்தில் ஈரமாக மினுங்கியது. வெளியே லிந்துலை மலைச்சரிவை மூடுபனி மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதால், கைகளிலும் கன்னத்திலும் உதட்டோரத்திலும் தெறித்த சுண்ணாம்பை ஐவி இன்னும் கழுவவில்லை.

அந்தச் சுவர்தான் பிள்ளையின் மூச்சுக்குப் பகை. ஆண்டு முழுவதும் ஈரம் கசிந்து, பூஞ்சணம் பூத்து, டிலுக்ஷியின் நெஞ்சில் இழுப்பாய் இறங்கியது. சென்ற வாரம் ஒரு நிறுவனத்தார் வந்து, ஈரம் தடுக்கும் பாலிமர் மேற்பூச்சு என்று அதில் எதையோ பூசிப் பார்த்தார்கள். கொழும்பு மாளிகைகளில் ஏன் முதலிற் பூசவில்லை என்று கேட்பார் இல்லை. தொழிலாளியின் சுவரில் எதையும் சோதிக்கலாம் என்னும் துணிவுக்கு இம்மலைகளில் இருநூறு வயதாகிறது.

பூசவந்த வினோஜன் மட்டும் நின்று விளக்கினான்.

"பூமியில உயிரே இல்லாத காலத்துல, குட்டைத் தண்ணியில தானாச் சேர்ந்த பசை ஒண்ணு இருந்திருக்கும்னு சொல்றாங்க அக்கா. அதப் பாத்துச் செஞ்சது. எதுல வேணும்னாலும் ஒட்டும்."

"அப்ப இதுக்கு உயிர் இருக்கா, தம்பி?"

"சேச்சே! உயிருக்கு முந்துனது." சிரித்தான். "ஒரு மாசத்துக்கு இதும்மேல எதையும் பூசிறாதீங்க. முக்கியமா சுண்ணாம்பு. பட்டா, காயாம மறுபடி சேரத் தொடங்கிரும்."

மறுநாளே இழுப்பு அடங்கியது. ஐவி அந்தச் சுவரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால், பக்கத்து அறைக் கேத்ரின் விடவில்லை.

"நத்தாருக்குச் சுண்ணாம்பு அடிக்காத வீடு எழவு வீடு, புள்ள. காச்சட்டை போட்டவன் சொன்னான்னு பாலன் பொறக்காம இருப்பாரா?"

எழவு என்ற சொல்லைக் கேட்டபின் நோய்ப்பிள்ளை பெற்றவள் அந்தச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. அடித்துவிட்டாள்.

இப்போது அறையெங்கும் பச்சை மரவள்ளித் தோலின் கசந்த வாடை வீசிற்று. தகரக் கூரையில் மழை சொட்டுவதற்கும், அடுப்பில் ஈரவிறகு சீறுவதற்கும் அடியில், மிக அடியில், அவளுக்கு நன்கு பழகிய ஓர் ஒலி எழுந்தது. இழுப்பு. உள்ளிழுக்கையில் ஒரு விசில்; வெளிவிடுகையில் ஒரு கரகரப்பு.

"ஐயோ, மறுபடியுமா?" என்று கட்டிலை நோக்கி ஓடினாள்.

டிலுக்ஷி வாய் மூடி உறங்கினாள். அவள் மார்பு அமைதியாக ஏறி இறங்கியது. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

சுவர் மூச்சுவிட்டது.

பிள்ளையின் வலக்கை சுவர்ப்பக்கம் நீண்டிருந்தது. உள்ளங்கை தெரியவில்லை. மணிக்கட்டுவரை, சுவர்.

ஐவி அந்தக் கையைப் பற்றி இழுத்தாள். அவளுடைய விரல்களில் இருந்த வெண்மையை நோக்கிப் பழுப்பு ஓடிவந்தது. சுண்ணாம்பு இருந்த இடமெல்லாம். நகக்கண். ரேகை. முழங்கை. விடுவிக்க முயன்றாள். முடியவில்லை. கன்னத்தில் ஏதோ குளிர்ந்தது. உதடுகள் ஒட்டிக்கொண்டன.

கதவுக்கு வெளியே கேத்ரினின் செருப்புச் சத்தம்.

"ஐவி! எனக்குச் சுண்ணாம்பு அரை வாளி மிஞ்சிப்போச்சு. ஒனக்கு வேணுமா, புள்ள?"

வராதீங்க என்று அவள் தொண்டைக்குள்ளேயே கத்தினாள். ஒலி வெளியேறவில்லை.

இழுப்பு நின்றது.

டிலுக்ஷியின் உதடுகள் அசையவில்லை. ஆயினும், அவள் குரல் கேட்டது. சுவரிலிருந்து. தெளிவாக. கொஞ்சலாக.

"வேணும், பெரியம்மா. உள்ள கொண்டாங்க."

கதவு திறந்தது. வாளிதான் முதலில் உள்ளே வந்தது. அதை நோக்கிச் சுவர் குனிந்தது.