நாற்பது லட்சத்தில் தனியாக ஒருத்தி

எழுத்தைப் பெரிதாக்கியதற்கு நன்றி மழையாகக் கொட்டும் என்று நல்லசிவம் காத்திருந்தான். அந்த ஆர்வத்தில் காபிகூட ஆறிப்போயிருந்தது.

'ஒருமுகம்' என்ற உலாவியைப் பராமரிப்பது அவன் வேலை. எழுத்தளவு, திரையின் அகலம் போன்ற சின்ன வித்தியாசங்களை வைத்தே மோப்பக்கருவிகள் ஆளைத் துரத்தி, அவர் இருக்கும் தெருவரை வந்துவிடும் காலம் அது. அதனால் ஒருமுகம் தன் நாற்பது லட்சம் பேருக்கும் இந்த அளவுகளைத் தீர்மானிக்கும் ஒரே அமைவுக்கோப்பைக் கொடுத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே அச்சு.

எழுத்து பொடியாக இருக்கிறதென்று வயதானவர்கள் புலம்பவே, நல்லசிவம் மனமிரங்கி அத்தனை கோப்புகளையும் ஒரேயடியாக மாற்றிவிட்டான். எந்த மாற்றத்துக்கும் இரண்டு பேர் ஒப்புதல் முத்திரை வேண்டும் என்பது விதி. உடன் வேலை பார்க்கும் மெஹருன்னிசாவின் முத்திரைச்சாவி மேசைமேல் கிடந்தது. அவனே இரண்டு பேராகிவிட்டான்.

உதவிச் சாளரத்தில் முதல் செய்தி வந்தது. நன்றி அல்ல.

"எங்க தெருவுல ஒரு வண்டி வந்து நிக்குதுங்க. கையில கருவி வெச்சுட்டு வீடு வீடாப் பாக்கறாங்க. நாளைக்குக் கல்குவாரி கேஸ்ல நான் சாட்சி. எப்படீங்க கண்டுபிடிச்சாங்க? நான் எதையுமே மாத்தலையே!"

மெஹருன்னிசா எட்டிப் பார்த்தாள். "மாத்தாததுதான் வினை. அந்தம்மா தன் கோப்பை நாமகூட மாத்த முடியாதபடி பூட்டி வெச்சிருக்காங்க. மத்த எல்லாரும் பெரிய எழுத்துக்குப் போயாச்சு, அவங்க மட்டும் பழசுல தனியா நிக்கறாங்க. யாரு இதை மாத்துனது?"

"ஒரு நல்லெண்ணத்துல..."

"என் சாவியிலயா? உன்னைய அப்புறம் வெச்சுக்கறேன். குடு இங்க."

"உலாவிய மூடிரச் சொல்லட்டுமா?"

"மூடுனா, இப்ப மறைஞ்சது எந்த வீடுன்னு பாத்து உள்ளயே போயிருவானுங்க. அப்படியே இருக்கச் சொல்லு. கூட்டத்தை அவங்ககிட்டக் கொண்டு போவோம்."

இரண்டு முத்திரைகளும் விழுந்தன. பழைய கோப்பு மறுபடி எல்லாருக்கும் கிளம்பியது. ஆனால் ஒவ்வொருவரும் அடுத்த பக்கத்தைத் திறந்தால்தான் அது உள்ளே இறங்கும். பழைய எழுத்தில் இருப்பவர்களைக் காட்டும் திரையில் அந்தம்மாவின் ஒற்றைப் புள்ளி தனியே துடித்துக்கொண்டிருந்தது. சாமி கும்பிட்டுப் பழக்கமில்லாத நல்லசிவம், 'யாராவது கிரிக்கெட் ஸ்கோராவது பாருங்கடா' என்று நாற்பது லட்சம் பேரையும் மனசுக்குள் கெஞ்சினான்.

புள்ளியை ஒட்டி இன்னொன்று வந்தது. பிறகு பத்து. பிறகு திரையே அம்மை போட்டதுபோல் ஆனது.

"பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு வந்துட்டாங்க..." என்றது சாளரம். நல்லசிவம் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு: "கருவியத் தட்டித் தட்டிப் பாக்கறாங்க. என்னமோ திட்டிக்கறாங்க. வண்டி கிளம்புதுங்க... போயிருச்சு."

நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தவறுதான் என்று ஒளிக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"கோப்பை எதுக்கும்மா பூட்டி வெச்சீங்க? குவாரிக்காரங்களுக்குப் பயந்தா?"

"இல்லீங்க. அவனுக என்ன பண்ணுவானுகன்னு எனக்குத் தெரியும். உங்களாட்டம் நல்லவங்க எப்ப என்ன நல்லது பண்ணுவீங்கன்னுதான் தெரியாது. அதுக்குத்தான் பூட்டுனேன்."