ருஃபோலோவின் காணாமற்போன நாவல்

1937, மார்ச். காலை ஒன்பதரை. பிராவிடன்ஸ் நகரின் இத்தாலியர் தெருவில், ஒரு மாடி அறையில் எழுத்தாளர் கெய்த்தானோ ருஃபோலோ தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவைப் பற்றி வருடக்கணக்காக எழுதிய நாவலின் ஒரே பிரதியைக் காணவில்லை. அது இன்று மாலைத் தபாலில் நியூயார்க் போயாக வேண்டும். தவறினால் பதிப்பாளர் கைகழுவிவிடுவார்.

விசாரிக்க வந்த போலீஸ் சார்ஜென்ட் ஒத்தாவியோ லகானாவுக்கு அலுப்பு தாங்கவில்லை. போன மாதம் மூக்குக்கண்ணாடி திருட்டு என்று இதே மனிதர் கூப்பிட்டார். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது.

"நெத்தியைத் தடவிப் பாத்தாச்சா?"

"கிண்டலாய்யா? சவரம் பண்ணிட்டு வர்றதுக்குள்ள போச்சு!"

பூட்டு உடையவில்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. மேசையில் காப்பிக் கோப்பை, பாலாடைக்கட்டி, பொன்னிற முதுகு மேலே தெரிய ஒரு முழு ரொட்டி.

மாற்றுச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் கீழ்வீட்டு ஹான்லன், வீட்டுச் சொந்தக்காரர், அயர்லாந்துக்காரர்.

"லொட்டு லொட்டுன்னு டைப் அடிச்சே உயிரை வாங்கறான். தொலைஞ்சது நல்லதுதான். ஆனா நான் எடுக்கல சார்."

மற்றவள் எதிர்வீட்டு அசுந்தா, ருஃபோலோவின் அக்கா. அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு அவள் கையால்தான்.

"இன்னிக்கு மாடிப்படியே மிதிக்கல தம்பி. போனா வயித்தெரிச்சல்தான். ரொட்டியை வேணும்னே கவுத்து வெப்பான், ரொட்டி ஏசுவோட உடம்பாச்சே, அவரையே குப்புறத் தள்ளின மாதிரி! கேட்டா மூடநம்பிக்கையாம்."

லகானா மறுபடி மாடிக்கு ஓடினார்.

"இன்னிக்கு ரொட்டியை எப்படி வெச்சீங்க?"

"கவுத்துத்தான். என் நாவல் போச்சுங்கறேன், ரொட்டியைக் கேக்கறியே!"

லகானா அவர் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்கு இழுத்துவந்தார்.

"ஹான்லனுக்கு ரொட்டி எப்படிக் கிடந்தா என்ன? கவுந்த ரொட்டியைப் பாத்தா நிமித்தி வெக்காம நம்ம இத்தாலிக்காரங்களுக்குக் கை சும்மா இருக்காது. இப்ப அது நிமிந்திருக்கு. அக்கா, எடுத்தது நீங்கதான்."

 அசுந்தா மாவு மூட்டைக்குப் பின்னாலிருந்து நாவலின் காகிதக் கட்டை எடுத்து மேசையில் போட்டாள்.

ருஃபோலோ கத்தினார். "உன்னைப் பத்தி என்னத்தை எழுதிட்டேன்னு எடுத்தே?"

"எழுதியிருந்தாத்தான் பரவாயில்லையே! போன வாரம் பூரா சிநேகிதங்களுக்கு வாசிச்சியே, பரிமாறிட்டே கேட்டேன்டா. சாராயக்கடைக்காரன் இருக்கான், அவன் நொண்டி நாய்கூட இருக்கு. கப்பலை விட்டு இறங்கின நாள்லேர்ந்து உனக்கு ஆக்கிப் போட்டவ மட்டும் இல்ல. இந்தா, அனுப்பு."

 ருஃபோலோவை அறையலாம் போலிருந்தது லகானாவுக்கு.

அன்று மாலைத் தபால் வண்டி அந்தக் கட்டு இல்லாமலே போயிற்று. மாடியில் லொட்டு லொட்டென்று டைப் அடிக்கும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.