தோண்டக்கூடாத இடம்

"என் நிலத்துல ஒருத்தன் பொறந்திருக்கான், அண்ணே," என்றாள் மருயா.

ஊர்க் காவலர் திஹோதி ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். "எப்போ?"

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடியாம். எனக்கு நேத்துதான் தெரியும்."

பதிவேடு எழுதும் வைஹெரே பேனாவை வைத்துவிட்டு நாற்காலியோடு நகர்ந்து வந்தாள்.

மகளின் பிரசவத்துக்காக மருயா நான்கு மாதம் ரையாத்தேயா தீவில் இருந்தாள். சொந்தத் தீவான மௌபிதிக்குத் திரும்பியபோது, காயல் நடுவே மணல்திட்டில் இருந்த அவளுடைய தர்பூசணித் தோட்டத்தின் பின்புறம் புதர் வெட்டப்பட்டு ஒரு குடிசை நின்றது. அதில் சித்தி மகன் புனுவா. வாசலில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு தியாரே செடி, உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. தன் நஞ்சுக்கொடியைப் புதைத்து அதன்மேல் அம்மா நட்டது என்றான். நஞ்சுக்கொடி கிடக்கும் மண் அவனுடையது என்பது தீவு வழக்கம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் வரும் நில நீதிபதியும் இந்தத் தீவுகளில் பிறந்தவர்தான்; அந்த வழக்கத்தை மதிப்பார்.

"அந்தப் புதருக்குள்ள நான் போனதே இல்ல. இல்லன்னு எப்படிச் சொல்வேன்? வேற நிலம் எனக்கு ஏது?"

"தோண்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது," என்றாள் வைஹெரே.

"பொதச்ச நஞ்சுக்கொடியைத் தோண்டறது பாவம். நீ தோண்டுவியா?"

வைஹெரே மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

திங்கள் மதியம் மூவரும் திட்டுக்குப் போனார்கள். புனுவா வாசலில் நின்றிருந்தான். "வாக்கா. என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"எங்கம்மா போட்ட வழிடா அது."

திஹோதி செடியைச் சுற்றி நடந்தார். தண்டின் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருந்தது. மறுபக்கம் வழவழப்பு. அடிமண் ஈரம். மழைத்தொட்டியிலிருந்து செடிவரை ஒற்றையடித் தடம். அவர் தண்டின் மேல் கைவைக்கப் போனார்.

"தொடாதீங்க." புனுவா குறுக்கே வந்தான். "அது நான்."

"சரிப்பா." அவர் கையை எடுத்துக்கொண்டார். "வெள்ளி வரைக்கும் ரெண்டு பேரும் ஊர்ல இருங்க. யாரும் திட்டுல கால் வெக்கக் கூடாது. நீ என் வீட்டுல தங்கு."

"பூ? விடியறதுக்குள்ள மொட்டா பறிக்கணும்."

"நாலு நாள் பூத்துட்டுப் போகட்டும்."

மருயா வைஹெரேயின் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தாள். திட்டு கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. பழங்கள் வெடிக்கும் பருவம். தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டு கைதிபோலக் கிடந்தாள். எதிரே திஹோதி வீட்டில் புனுவா அவளைவிட மோசமாக இருந்தான். தேங்காய்ப்பாலில் ஊறிய மீனைத் தொடாமல் எழுந்தான். படகுத்துறைவரை போனான், திரும்பினான், வானத்தைப் பார்த்தான்.

"ஒரே நாள்ல மூணு தடவ கேட்டுட்டான், மழ வருமான்னு," என்றாள் வைஹெரே. "எழுதி வெச்சிருக்கேன்."

மழை வரவில்லை.

வெள்ளி காலை, கப்பல் வருவதற்கு முன்னால், நால்வரும் திட்டில் இறங்கினார்கள். வெட்டாமல் விட்ட புதர் பச்சையாக நின்றது. தியாரேயின் இலைகள் துவண்டு தொங்கின. மொட்டுகள் மணலில் உதிர்ந்து பழுப்பேறியிருந்தன.

"முப்பத்தெட்டு வருஷச் செடி," என்றார் திஹோதி. "நாலு நாள் வெயில் தாங்கல."

"நோவு வந்திருக்கும்."

"வேர் ஆழமா இல்ல, புனுவா. அதான் தெனம் தண்ணி தூக்குன. உனக்கு மழை வேணும்னு இந்த ஊருக்கே தெரியும்."

"அப்ப நட்ட குச்சியா?" என்றாள் வைஹெரே. "குச்சி இவ்வளவு தடிக்க வருஷம் ஆகுமே!"

"குச்சி இல்ல. கெழட்டு மரத்துல தடிச்ச கிளையாப் பாத்து, ஒரு வளையம் பட்டை உரிச்சு, ஈர நாரைச் சுத்திக் கட்டிட்டா மூணு மாசத்துல வேர் விடும். அப்புறம் கீழ அறுத்து நட்டுடலாம். நட்ட அன்னைக்கே கெழட்டுச் செடி. பூவும் உண்டு." பாசியைக் காட்டினார். "படுத்திருந்த கிளை. மேல்பக்கம் மட்டும் பாசி புடிச்சிருக்கு. இங்கயே நட்டமா நின்னு வளந்திருந்தா இப்படி அரையும் கொறையுமா வராது."

இரண்டு விரலால் தண்டைத் தள்ளினார். சுற்றியிருந்த மணலும் சேர்ந்து அசைந்தது.

"உன் நஞ்சுக்கொடி எங்கடா இருக்கு?" என்றாள் மருயா.

புனுவா காயலைப் பார்த்தான். "நான் பெரிய ஊர் ஆஸ்பத்திரில பொறந்தேன். குப்பையோட போட்டு எரிச்சிட்டாங்களாம். அம்மா சாகறப்பதான் சொன்னா." மருயாவின் பக்கம் திரும்பினான். "என் மண்ணுன்னு காட்ட உனக்கு ஒரு எடம் இருக்கு, அக்கா. எனக்கு இல்ல."

தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது.

புனுவா குனிந்து தண்டைப் பிடித்து இழுத்தான். செடி சிரமமில்லாமல் வந்துவிட்டது. அடியில் நார்ப்பந்து அவிழாமல், பிறந்த குழந்தையின் தலையளவில் உருண்டையாக இருந்தது. அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான். கீழே வைக்க இடம் தேடினான். நாலு பக்கமும் மருயாவின் மண்.

அவள் ஒரு மூலையைக் காட்டி, அங்கே நட்டுக்கொள் என்றிருக்கலாம். தர்பூசணிக் கொடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.