ஒரு வாசல் போதும்

தேநீரிலிருந்து எழுந்த ஆவி நேராக மேலே போகாமல் உள்ளறைப் பக்கமாகச் சாய்ந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் காற்று இல்லை. இருக்கவே கூடாது என்றுதான் தம்பி மாடாய் உழைத்து, அந்தப் பழைய வீட்டின் சுவர்களுக்குள் பஞ்சு திணித்து, ஜன்னல்களுக்குத் திறக்க முடியாத இரட்டைக் கண்ணாடி போட்டு, வாசற்கதவு தவிர மிச்சமிருந்த இடுக்குகளிலெல்லாம் காய்ந்ததும் இறுகிவிடும் நுரை பீய்ச்சி மூடிவிட்டு, அன்று மதியம்தான் போயிருந்தான்.

மலைக்குளிரில், பழைய வீடுகளிலிருந்து சூடு வெளியே ஒழுகும் ஓட்டைகளைத் தேடி அடைப்பது அவன் தொழில். அம்மா போன பிறகு தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டி அவனை வளர்த்தவள் அக்கா. தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. குளிர் வந்தால் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு இருமும் தனக்காகத் தம்பியே முன்வந்து செய்கிறான் என்றதும் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தபோது மட்டும், "என்னடா, என்னை டப்பாவுல போட்டு மூடுற மாதிரி மூடுறே?" என்று கேலி செய்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் போதும்க்கா."

அவன் சிரிக்கவில்லை. உள்ளறையில் வேலை செய்தபோதெல்லாம் அவளைத் துணைக்கு நிறுத்திக்கொண்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. அம்மா கடைசிவரை படுத்திருந்த அறை அது. சுவரோரம் கட்டில் போடாதே என்று அம்மா அழுததை, நோயாளியின் பிதற்றல் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவின் இரைச்சல், நாய்க் குரைப்பு, ஓட்டின் கீழ் எப்போதும் சீறிக்கொண்டிருந்த காற்று என்று பழகிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதிக்கு அடியில், இத்தனை வருடம் அந்த இரைச்சலில் அமுங்கிக் கிடந்த ஒன்று கேட்டது. பஞ்சுக்குள் எதுவோ மெல்லப் புரண்டு படுப்பது போன்ற சத்தம். கூடவே ஈரச் சுண்ணாம்பு வாடை.

தம்பி மறந்து விட்டுப்போன புகைக்குச்சி ஒன்று மேசையில் கிடந்தது. காற்று புகும் இடத்தை அதன் புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் சொல்லியிருந்தான். அவள் அதைப் பற்றவைத்து, ஜன்னல் ஓரமாகப் பிடித்தாள். புகை அசையவில்லை. வாசற்கதவில் லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். உள்ளறைக்குள் நுழைந்ததும் சரசரவென்று தரையை நோக்கி இழுபட்டது.

அம்மாவின் கட்டில் இருந்த இடம். சுவரின் அடியில், கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஆணி ஓட்டையைக்கூட விட்டுவைக்காதவன், இதை மட்டும் ஓரம் தேய்த்து, வழவழப்பாக்கி விட்டிருந்தான். மறதி இல்லை.

புகை உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது.

அவள் மூச்சை அடக்கினாள். புகையும் நின்றது.

ஓடிவந்து தம்பிக்கு போன் செய்தாள். அவன் போனின் மணி வாசற்கதவுக்கு வெளியே அடித்தது. அவளுக்கு உயிர் வந்தது. கைப்பிடியைத் திருகினாள். திரும்பவில்லை.

"டேய், கதவைத் திற. சுவருக்குள்ள என்னமோ இருக்கு."

"தெரியும்க்கா."

அவள் தோளால் கதவை மோதினாள்.

"அம்மாவுக்கப்புறம் அது என்னையே பிடிச்சுக்கிச்சு. எந்த ஊருக்குப் போனாலும் இங்கேர்ந்து தேடி வருது. அதுக்கு ஒரு ஆள் வேணும்க்கா. எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"நான் உன்னை வளர்த்தேன்டா."

புஸ்ஸென்ற சத்தம். கதவின் அடியிலிருந்து வெள்ளை நுரை பொங்கி உள்ளே வந்தது. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவன் பாயக்கூட இல்லை. வெளியே நின்று அழுதுகொண்டே பீய்ச்சினான். நுரை பக்கவாட்டில் ஏறியது. அவள் வலக்கை விரல்களால் தோண்டினாள். ஒட்டிக்கொண்டது. இறுகியது. சாவித்துவாரத்தில் தெரிந்த கீற்று வெளிச்சமும் அடைபட்டது.

தம்பியின் அழுகை கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

அவள் இடக்கையில் புகைக்குச்சி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. புகை இப்போது உள்ளறைப் பக்கம் போகவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் இழுபட்டது. நின்றது. பிறகு, அவள் காதோரமாக, வெதுவெதுப்பாக, முன்னால் வந்தது.