நிறம் மாறாத மரம்

பதினேழாம் மரத்தின் எண் மட்டும் பத்து மாதமாக அசையவே இல்லை.

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, தேயிலை முடியும் இடத்தில் நாற்பது பைன் மரங்கள். அவற்றின் ஊசியிலைகள் எவ்வளவு பச்சை ஒளியைத் திருப்பித் தருகின்றன என்று மாதாமாதம் அளப்பதுதான் வினோதாவின் ஆய்வு. மழைக்காலத்தில் ஊசிகள் கறுத்து எண் இறங்கும். மாசிப் பனியில் வெளிறி ஏறும். பதினேழாம் மரம் மட்டும் எப்போதும் பன்னிரண்டு. அளந்து எழுதியவர் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வேலைக்கு வரும் ஜீவராஜ்.

“அண்ணே, மலை ஏறாமலே எழுதிட்டீங்களா?”

“சாமி சத்தியமா ஏறித்தான் அளந்தேன், மிஸ். அந்த மரத்துக்கிட்டதான் நிக்கவே ஏலாது.”

“ஏன்?”

அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். பொய்க்காரர் என்று முடிவுகட்டிக்கொண்டு, மறுநாள் பிற்பகல் அவள் தனியாகவே கருவியோடு ஏறினாள்.

பள்ளத்திலிருந்து மூடுபனி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. உதிர்ந்த ஊசிகள் மெத்தைபோல் கிடந்ததில் அவள் காலடிச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. பிசின் வாசனை தொண்டையில் ஒட்டியது. வழியில் அளந்த முதல் பதினாறு மரங்களும் மாசிக்கு ஏற்றபடி வெளிறியிருந்தன.

பதினேழு. பன்னிரண்டு.

மறுபடி அளந்தாள். பன்னிரண்டு. இப்போது கருவிமேல் சந்தேகம். கிளையைக் கறுப்புத் துணியால் சுற்றி மூடினாள். ஒளியே இல்லாத இடத்தில் பூச்சியம் காட்ட வேண்டும்.

பன்னிரண்டு.

துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். ஊசிகள் மங்கலாக, பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. எங்கிருந்தும் வந்த ஒளியல்ல. அவற்றின் சொந்த ஒளி. அது கூடியது. குறைந்தது. கூடியது. அவள் மூச்சை இழுக்கும்போது கூடியது. விடும்போது குறைந்தது.

துணியை வீசி எறிந்தாள். மூடுபனிக்குள் நாற்பது மரங்களின் பச்சை ஒளியும் ஒன்றாகக் கூடியது. ஒன்றாகக் குறைந்தது.

“ஜீவராஜ் அண்ணே!”

கீழே லயத்தை நோக்கிக் கத்தினாள்.

ஓடத் திரும்பினாள். ஓட மூச்சு வேண்டும். இழுத்தாள். வரவில்லை. மரங்களில் பச்சை ஏறியது. அப்போதுதான் அவள் நெஞ்சும் ஏறியது. பச்சை இறங்கியது. நெஞ்சு இறங்கியது.

பிறகு மேடு முழுவதும் இருண்டது.

வாயை அகலத் திறந்தபடி, அடுத்த வெளிச்சத்துக்காக அவள் காத்து நின்றாள்.