இடறுபடி

பனியில் கார் ஏறவில்லை. எஃபி கடைசி ஒரு மைலை நடந்தே வந்தாள். பின்மதியத்திலேயே இருட்டிவிட்டது. அவள் பிறந்து வளர்ந்த ட்ரம்காரிக் மாளிகையில் சமையலறை ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.

அவள் அண்ணன் லாக்லன், உறைந்த ஏரியில் கால் வைத்து, பனிக்கட்டி உடைந்து மூழ்கிப்போனான். சாலை மூடிக்கிடந்ததால் அவள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி இஷ்பெல் கதவைத் திறந்தாள். அழுத முகமே இல்லை. எஃபிக்கு அதுதான் உறுத்தியது.

மேஜையில் மூன்று கிண்ணம் பார்லி சூப்.

"உங்க சூப்பைக் குடிக்கிறதுக்குப் பட்டினியே மேல்னு அண்ணன் சொல்வான். நான் துணிஞ்சு வந்திருக்கேன்" என்று எஃபி சிரிக்கப் பார்த்தாள். "மூணாவது யாருக்கு அண்ணி?"

"ஆறிடும். நீ குடி."

"காலையில என்கூட கிளாஸ்கோ வந்துடுங்க. இந்தக் கல்லுக் குகையில தனியா என்ன பண்ணுவீங்க?"

"தனியாவா?" என்றாள் இஷ்பெல்.

அப்போதுதான் கோபுர அறையின் கதவு முனகியது.

சமையலறைக்குப் பக்கத்தில் தொடங்கி, பழைய கோபுரத்துக்குள் சுழன்று அந்த அறைக்கு ஏறும் கல் படிக்கட்டு ஒன்று உண்டு. அதில் காலடிகள். மெதுவாக இறங்கின. ஏரிச் சேற்றின் வாடையும் நனைந்த கம்பளி வாடையும் அவற்றுக்கு முன்னால் வந்தன.

எஃபியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

அந்தப் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட உயரம். இருட்டில் வரும் எதிரி தடுக்கி விழுந்து சத்தம் போடட்டும் என்று, மாளிகையைக் கட்டிய காலத்தில் கொத்தன் வேண்டுமென்றே வைத்தது. வீட்டார் அதை இடறுபடி என்பார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகளின் கால் தூக்கத்திலும் அங்கே தடுக்காது. லாக்லன் குடித்துவிட்டு வந்த இரவுகளில்கூடத் தடுக்கியதில்லை.

காலடிகள் நெருங்கின.

தடுக்கின.

பொத்தென்று எதுவோ சுவரில் மோதியது. பிறகு, நீர் சொட்டும் சத்தம்.

"அண்ணி." எஃபி எழுந்தாள். "அது அவன் இல்ல."

"தெரியும். நேத்தும் தடுக்குச்சு."

"தெரிஞ்சுமா சூப் ஊத்தி வச்சீங்க?"

"அவர் குரல்ல என் பேரைச் சொல்லுது, எஃபி. அதுவும் இல்லேன்னா நான் எப்படி இருப்பேன், சொல்லு."

எஃபி அவள் கையைப் பிடித்து வாசல் கதவுவரை இழுத்தாள். தாழ்ப்பாளைத் தொட்டபோது இஷ்பெல் உதறிக்கொண்டு படிக்கட்டின் அடிக்கு ஓடினாள். இருட்டை அண்ணாந்து பார்த்து, குழந்தைக்கு நடை சொல்லித் தருவதுபோல் கிசுகிசுத்தாள்.

"கீழேயிருந்து ஆறாவது படி. அது கொஞ்சம் உசரம். பாத்து இறங்குங்க."

நீர் சொட்டும் சத்தம் நின்றது.

காலடிகள் திரும்பி மேலே ஏறின. கதவு முனகியது. மறுபடியும் இறங்கத் தொடங்கின.

இந்தத் தடவை தடுக்கவில்லை.

"சுண்டெலி, வந்துட்டியா?"

லாக்லனின் குரல். அவனைத் தவிர உலகத்தில் யாரும் எஃபியை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தாழ்ப்பாளில் இருந்த எஃபியின் கை மெல்ல நழுவி இறங்கியது.