வலியேற்பாளர்

ஒன்பது என்று சொல்லிவிட்டால் கிளம்பிவிடலாம். ஒன்பதே போதும் என்று சொல்லிவிடுங்களேன். தமயந்தி கணவன் சேரலாதனின் பின்கழுத்தைப் பார்த்தபடி இதையே மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காவல் நிலையங்களை மூடியதிலிருந்து வீட்டுக்கொரு பிஸ்டல் கட்டாயம். கடையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். வந்தவர்களுக்கு ரோஸ்மில்க் கொடுத்தார்கள். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு குண்டுகளை நிறுத்தி வைத்தார்.

"இது ஒன்பது மில்லிமீட்டர். கையில அவ்வளவா உதைக்காது, குண்டும் நிறையப் பிடிக்கும். இது பாயிண்ட் நாற்பத்தஞ்சு. பட்டவன் எந்திரிக்க மாட்டான். வலியும் அதுக்கேத்த மாதிரிதான் திரும்பும் சார். சாம்பிள் பார்க்கிறீங்களா?"

சுடுகிறவருக்கும் வலிக்க வேண்டும் என்பது சட்டம். எல்லோர் மணிக்கட்டிலும் வலிக்கடத்தி புதைக்கப்பட்டிருந்தது. குண்டு பட்டவரின் வலியில் பாதி, அந்த நொடியே சுட்டவரின் உடம்புக்கு வந்துவிடும்.

கடைக்காரர் மணிக்கட்டில் ஏற்றிக் காட்டிய ஒன்பதின் சாம்பிள் வலிக்கே சேரலாதன் கையை உதறினான். "ஒன்பதே இருக்கட்டுங்க."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நாமினி போட்டுக்கலாமே சார்," என்றார் கடைக்காரர். "புதுத் திருத்தம். வலி அவங்களுக்குப் போயிடும். இப்ப எல்லாரும் வீட்டம்மாவைத்தான் போடுறாங்க."

சட்டத்தில் அதற்கு வலியேற்பாளர் என்று பெயர். எதிர்வீட்டு சரளா அப்படி ஒருத்தி. போன மாதம் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தவள், தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அதே நேரத்தில் அவள் கணவன் வண்டி நிறுத்துகிற தகராறில் யாரையோ சுட்டிருந்தான். வீட்டுக்கு வந்து, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டானாம்.

சேரலாதன் நாற்பத்தைந்தைக் கையில் எடுத்து உருட்டினான். இப்போது விரல் நடுங்கவில்லை.

"எடுக்கிறதை நல்லதா எடுத்துடலாம், தமா. நாம என்ன தினமும் சுடப்போறோமா? சும்மா பயங்காட்டத்தான்."

"அப்போ வலி உங்க பேர்லயே இருக்கலாமே."

"எனக்கு பிபி இருக்கு. நீ ரெண்டு பெத்தவ. தாங்குவ."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரேகைக் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் பல்லியை அடிக்கக்கூட மனம் வராதவன். ஆனால் சற்றுமுன் அவன் கையில் பார்த்தாளே ஓர் உதறல், அதையும் தான் வாங்கிக்கொண்டால் அவனிடம் என்ன மிஞ்சும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கட்டைவிரலை வைங்கம்மா."

தமயந்தி ரோஸ்மில்க் டம்ளரைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள். "வலி அவர்கிட்டயே இருக்கட்டும்."